லைக்ரா மட்டும் போட்டு முக்குளிக்க இடுப்பில் எத்தனை கிலோ?

செக்காலை72

காரைக்குடி, கோட்டையூர்ப் பக்கம் நாங்க நாலு பேர் மூச்சடக்கி முக்குளிக்கப் பழகுறோம். அடிப்படைப் பயிற்சி முடிஞ்சது, காது அடைப்பு எடுக்க வருது. தேவகோட்டை, திருவாடானை வழியா தொண்டிக்குப் போய் படகுல ஏறி, 6 முதல் 10 மீட்டர் இறங்குறதுதான் இப்போதைக்கு. அடுத்து அந்தமான்ல 20 மீட்டர்.

எடை 72 கிலோ, உயரம் 175 செ.மீ. உடம்போட ஒட்டுற மெல்லிய லைக்ரா துணிச் சட்டை, காலுக்கு பிளாஸ்டிக் நீள ஃபின் (துடுப்பு). சிலிண்டர் மாட்டி ஸ்கூபா போற நண்பர் உடம்பு எடையில 10 சதவீதம்னு கணக்குப் போட்டு 7 கிலோ கட்டச் சொல்றார். படகுக்காரர் 4 போதும்ங்கிறார். ரப்பர் பெல்ட் கையில இருக்கு. ஈயம் எத்தனை வாங்கணும்?

தொண்டிக்கரை

தம்பி, 7 கிலோவை முதல்ல மறந்துருங்க. அது ஸ்கூபா கணக்கு, இங்கே ஒட்டாது. ஸ்கூபாவில் காற்றுக்குமிழ் நிறைஞ்ச தடிச்ச ரப்பர் சூட் இருக்கும், அலுமினிய சிலிண்டர் காற்று தீர்ந்ததும் ஒன்றரை, ரெண்டு கிலோ அளவுக்கு மிதக்க ஆரம்பிக்கும், கடைசியில் 5 மீட்டரில் அசையாம நிற்கணும். அதையெல்லாம் சேர்த்துத்தான் அந்த ஈயம். கனம் கூடிப் போனாலும் மேல்சட்டையில் காற்றை ஊதிச் சமாளிப்பாங்க, வாயில் மூச்சுக்குழாய் இருக்கு. உங்களுக்கு இது ரெண்டும் கிடையாது.

பாக் விரிகுடாவில் நம்ம பக்கம் கடல் ஆழமே பெரும்பாலும் 10, 12 மீட்டருக்குள்ளதான். லைக்ராவோட 7 கிலோ கட்டினா கல்லு மாதிரி போய் சேத்தில் உட்காருவீங்க. கலங்கின தண்ணியில் மேலே இருக்கிற கூட்டாளிக்கு உங்களைத் தெரியவே தெரியாது.

ஈயக்குண்டு

எத்தனை கிலோன்னு அடுத்தவர் சொல்ற நம்பரை வாங்கிக்காதீங்க, எங்கே மிதப்பும் கனமும் சமமாகணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க. அதுலேர்ந்து கிலோ தானா வரும். கணக்கு இதுதான்.

மூச்சை முழுசா இழுத்தா நுரையீரல்ல 6 லிட்டர்னு வையுங்க. உங்க உயரத்துக்கு கொஞ்சம் கூடவும் இருக்கலாம், கணக்குக்கு 6 வசதி. 10 மீட்டர்ல அழுத்தம் ரெண்டு மடங்கு, காற்று 3 லிட்டரா சுருங்கும். 20 மீட்டர்ல 2 லிட்டர். 30 மீட்டர்ல ஒன்றரை. ஒரு லிட்டர் சுருங்கினா ஏறத்தாழ ஒரு கிலோ மிதப்பு போச்சு. மேலேர்ந்து 10 மீட்டருக்குள்ள 3 கிலோ போயிருது, அடுத்த 10 மீட்டர்ல ஒரே ஒரு கிலோதான் போகுது. அதனாலதான் முதல் 10 மீட்டர் தள்ளு தள்ளுன்னு தள்ளணும், அப்புறம் தானா இறங்கும்.

இனி முக்கியமான இடம். மேலே வந்து, சும்மா பெருமூச்சு விடுற மாதிரி மூச்சை விட்டுட்டா உள்ளே மிஞ்சுறதும் ஏறத்தாழ 3 லிட்டர்தான். அதாவது முழு மூச்சோட 10 மீட்டர்ல இருக்கிற உடம்பும், மூச்சு விட்டுட்டு மேலே கிடக்கிற உடம்பும் மிதப்புக்கணக்குல ஒண்ணு. 10 மீட்டர்ல சமமா நிற்கிற அளவுக்கு ஈயம் கட்டினவர், மேலே மூச்சு விட்டா அங்கேயும் சமமா நிற்பார். 5 மீட்டர்ல சமமாகிற அளவுக்குக் கட்டினவர்? அங்கே நுரையீரல்ல 4 லிட்டர். மேலே மூச்சு விட்டதும் 3 லிட்டர். ஒரு கிலோ கனத்தோட நேரே கீழே போவார்.

மூச்சடக்கி முக்குளிக்கிறவருக்கு ஆக்சிஜன் குறைஞ்சு வர்ற மயக்கம் பெரும்பாலும் அடியில வர்றதில்லை. கடைசி சில மீட்டர்லயோ, மேலே வந்து மூச்சை வெளியே விட்ட கையோடயோதான் வரும். அந்த நேரம் மிதக்குறவரைக் கூட்டாளி தாடையைப் பிடிச்சுத் தூக்கிருவார். மூழ்குறவரைத் தேடிப் போகணும்.

ஆத்தங்குடி_ஓடு

கணக்கெல்லாம் சரி அண்ணே, ஆனா இது 20 மீட்டர் இறங்குறவங்க பேச்சு. இவர் போறது 6 மீட்டர். 10 மீட்டர் கணக்குல கட்டிட்டு 6 மீட்டர் அடியில நின்னா பலூன் மாதிரி மேலே இழுத்துக்கிட்டே இருக்கும். ஒரு மீனை நின்னு பார்க்க முடியாது, காலை அடிச்சு அடிச்சு மூச்சுதான் வீணாகும். வெளிநாட்டுல ஈட்டி வெச்சு மீன் பிடிக்கிறவங்க ஆழம் குறைஞ்ச இடத்துல 5 மீட்டருக்குச் சமமாத்தான் கட்டுறாங்க. அவங்கள்லாம் சாகிறாங்களா?

ஈயக்குண்டு

சாகிறாங்க. தனியாப் போய், ஈயத்தைக் கூடக் கட்டி, அடியில கிடந்து எடுக்கப்படுறது அந்தக் கூட்டத்துல பழைய கதை. அவங்க 5 மி.மீ. சூட் போட்டிருப்பாங்கங்கிறதையும் மறந்துராதீங்க. சூட் மேலே வர வர விரியும். ஆழத்துல சுருங்கி ஒரு கிலோ மிதப்பு தந்தது மேலே ரெண்டு, ரெண்டரை தரும். மூச்சு விட்டதால போற மிதப்பை அந்தச் சூட் ஈடுகட்டும். லைக்ராவுக்கு அந்தக் குணமே கிடையாது. ஒரு கிராம் கூட ஈடு தராது.

அதனால என் வாதம் நேர்மாறா போகும்: 28, 30 டிகிரி தண்ணியில லைக்ராவோட இறங்குறவர் சூட் போட்டவரை விட ஆழத்துல சமமாகணும். 10 போதாது, 12லேர்ந்து 15 வைக்கணும். 15 மீட்டர்ல நுரையீரல் 2.4 லிட்டர். மேலே மூச்சு விட்டா 3. கையில 600 கிராம் மிச்சம், நெத்தியும் உச்சந்தலையும் வெளியே நிற்கும் அளவு. கழுத்துவரை தண்ணியில நின்னாலே தண்ணி நெஞ்சை அமுக்கி அந்த 3 லிட்டரைக் கொஞ்சம் குறைச்சிரும். அதனால அந்த 600 கிராமும் முழுசாக் கிடைக்காது, அதுலயும் பாதியைக் கழிச்சே வையுங்க.

ஆத்தங்குடி_ஓடு

சரி, 15 மீட்டர்னே வைப்போம். அப்போ 6 மீட்டர்ல எவ்வளவு மேலே தூக்கும்?

ஈயக்குண்டு

6 மீட்டர்ல 3.75 லிட்டர். 2.4ஐக் கழிச்சா 1.35 கிலோ. தொல்லைதான், மறுக்கலை. தீர்வை ஈயத்துல தேடாதீங்கங்கிறேன். ரெண்டு வழி இருக்கு.

ஒண்ணு, மூச்சை முழுசா இழுக்காம முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்திட்டு இறங்குறது. 5 லிட்டரோட போனா 6 மீட்டர்ல 3.1 லிட்டர், தூக்குறது 700 கிராமாக் குறையும். மூழ்கி இருக்கிற நேரம் குறையும், 6 மீட்டருக்கு அது போதும். மேலே வந்து மூச்சு விட்டா மிஞ்சுற 3 லிட்டர் மாறாது. அதாவது பாதுகாப்புல கை வைக்கலை.

ரெண்டு, மிதவையிலேர்ந்து தொங்குற கயிறு. அடியில 5, 6 கிலோ கல்லோ இரும்போ கட்டி இறக்கி, கயிற்றை ரெண்டு விரலால பிடிச்சு நில்லுங்க. அந்தக் கனம் உங்க உடம்புல இல்லை.

தொண்டிக்கரை

இந்த ரெண்டாவது வழிக்கு வயசு ரொம்ப. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிச்சவங்க காலை வெச்சு இறங்கினது கயிறு கட்டின கல்லு. அடி தட்டினதும் கல்லை விட்டுருவாங்க, மேலே இருக்கிறவர் இழுத்துக்குவார், குளியாளி தனிக் கயிற்றில் ஏறி வருவார். இறங்கும்போது மட்டும் கனம், ஏறும்போது உடம்பில் ஒண்ணும் கிடையாது. இடுப்பில் ஈயத்தைக் கட்டிக்கிட்டு ஏறுறது நாம கண்டுபிடிச்ச வழக்கம்தான்.

ஆனா கல்லோட இறங்குறதை நீங்க பார்த்துப் பழகிறாதீங்க. வேகம் கூடினா காது அடைப்பு எடுக்க நேரமிருக்காது, செவிப்பறை போயிரும். கல்லு கயிற்று நுனியிலேயே கிடக்கட்டும், நீங்க கயிற்றைப் பார்த்து இறங்குங்க.

இன்னொண்ணு. நம்ம பக்கம் அடியில் நிறைய இடம் கடல்புல். ஆவுளியா (கடல்பசு) மேயுற இடம். கனம் கூடினவர் அங்கே முழங்காலை ஊன்றுவார், புல்லும் போகும், சேறும் கிளம்பும். கல்லை மணல்திட்டு பார்த்து இறக்குங்க.

செக்காலை72

அண்ணே, நல்லா விளங்குது. ஆனா இன்னும் கிலோ வரலை. 15 மீட்டர்ல சமமாகுதான்னு பார்க்க இங்கே 15 மீட்டர் ஆழமே இல்லையே. எப்படிச் சோதிக்கிறது?

தேவகோட்டை_ஆச்சி

ஆழம் வேண்டாம் தம்பி, மேலேயே பார்த்துவிடலாம். ஈயக்குண்டு சொன்ன கணக்கின் நல்ல பக்கமே அதுதான். முறை:

இறங்கும்போது எதைப் போடுவீர்களோ அத்தனையும் போட்டுக்கொள்ளுங்கள். முகமூடி, ஸ்னார்க்கல், ஃபின், எல்லாம். ஃபின்னிலேயே மிதக்கிற ரகமும் உண்டு, மூழ்குகிற ரகமும் உண்டு. சட்டைக்குள் தண்ணீரை விட்டு, கழுத்துப் பக்கமாக உருவி, உள்ளே நின்ற காற்றை வெளியேற்றுங்கள். இதை விட்டுவிட்டால் முதல் பத்து நிமிடம் ஒரு அளவும், அப்புறம் வேறு அளவும் காட்டும்.

தரை எட்டாத இடம், அலை இல்லாத நேரம், பக்கத்தில் கூட்டாளி. முதலில் ஈயம் இல்லாமல். செங்குத்தாக நில்லுங்கள், கால் அசையக்கூடாது. சோதனை பண்ணுகிறவர்களில் பாதிப் பேர் தெரியாமலே ஃபின்னை ஆட்டிக்கொண்டிருப்பார்கள், அதனால் கூட்டாளி உள்ளே தலையை விட்டுக் காலைப் பார்க்க வேண்டும். மூச்சை முழுதாக இழுத்தால் முகம் வெளியே நிற்க வேண்டும். பிறகு மூச்சை விடுங்கள். பிழிந்து விட வேண்டாம், நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விடுவதுபோல. பத்து எண்ணுங்கள். தண்ணீர்க்கோடு புருவத்துக்கும் உச்சிக்கும் நடுவில் நின்றால் சரி. கண்ணுக்குக் கீழே நின்றால் அரைக் கிலோ சேர்த்து மறுபடி. உச்சி மூழ்கினால் அரைக் கிலோ எடுத்துவிடுங்கள்.

இதில் கடைசியாக ஒன்று: மூச்சை முழுக்கப் பிழிந்து விட்டால் நிறையப் பேர் ஈயமே இல்லாமல் மெல்ல மூழ்குவார்கள். அது உடம்புவாகு, ஈயக் கணக்கு தப்பு என்று அர்த்தமில்லை.

பிறகு கயிற்றுச் சோதனை. கயிற்றில் 5, 10 மீட்டரில் கலர் டேப் சுற்றுங்கள். முழு மூச்சோடு 10க்கு இறங்கி, தலை மேலாகத் திரும்பி, கயிற்றைச் சுற்றி விரலை வளையமாக வைத்துக்கொண்டு அசையாமல் நாலு எண்ணுங்கள். நீங்கள் மெதுவாக மேலே நகர வேண்டும். நின்றாலோ இறங்கினாலோ கழற்றுங்கள்.

உடம்புக்கு உடம்பு மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொழுப்பு மிதக்கும், தசையும் எலும்பும் மூழ்கும். ஒரே 72 கிலோவில் ஜிம் உடம்புக்காரர் வெறும் உடம்போடு 10 மீட்டரில் சமமாவார், இடுப்புச் சதை உள்ளவருக்கு ஒன்றரைக் கிலோ கேட்கும். பெண்களுக்குப் பொதுவாகக் கொஞ்சம் கூடுதல் மிதப்பு. அதனால் கணவர் பெல்ட்டை மனைவி வாங்கிக் கட்டுவது, அண்ணன் பெல்ட்டைத் தம்பி கட்டுவது எல்லாம் வேண்டாம்.

தொண்டிக்கரை

ஆச்சி சொன்ன முறைப்படி பார்த்தா செக்காலைத் தம்பிக்கு லைக்ராவில் 0 முதல் 1 கிலோ வரும்னு என் மதிப்பு. 1 கிலோவுக்கு மேல போச்சுன்னா மூச்சை அடக்கிக்கிட்டே சோதிச்சாரான்னு ஒருதடவை பார்த்துக்கணும். படகுக்காரர் சொன்ன 4ஐ அவரே கட்டட்டும்.

பள்ளத்தூர்_வாசல்

சந்தேகம்: தொண்டிக்குப் போறதுக்கு முன்னாடி ஊருணியில இல்லைன்னா நீச்சல்குளத்துல சோதிச்சுக்கிட்டா அதே நம்பரைக் கடலுக்குக் கொண்டுபோகலாமா?

ஈயக்குண்டு

கூடாது. கடல்தண்ணி நல்லதண்ணியை விட ஏறத்தாழ 2.5 சதவீதம் கனம். 72 கிலோ உடம்புக்கு அது 1.8 கிலோ. குளத்துல ஈயம் இல்லாம சரியா நின்னா, கடல்ல சுமார் 1.8 கிலோ கூடுதலா மிதப்பீங்க. கடல்ல 2 கிலோ கட்டிச் சரியா நின்னவர் அதே பெல்ட்டோட நல்லதண்ணியில இறங்கினா ஆபத்து. இந்தப் பக்கத் தவறுதான் ஆளைக் கொல்லும். கணக்கை வெச்சு முதல் ஊகம் பண்ணிக்கலாம், ஆனா அந்தந்தத் தண்ணியில மறுபடி சோதிக்கணும்.

கார்த்திகை, மார்கழியில வடக்கேயிருந்து வங்காள விரிகுடாவோட உப்புக் குறைஞ்ச தண்ணி பாக் நீரிணை வழியா நம்ம பக்கம் வரும். அப்போ ஒரு கால் கிலோ வித்தியாசம் தெரியலாம். அந்தச் சீசன்ல கலங்கலும் காற்றும் இருக்கிறதால எப்படியும் யாரும் இறங்க மாட்டீங்க, போகட்டும்.

தேவகோட்டை_ஆச்சி

ஊருணியை விட்டுவிடுங்கள். குடிதண்ணீர் ஊருணியில் காலை நனைத்தாலே ஊர் சத்தம் போடும், நியாயமும்தான். செம்புறாங்கல் வெட்டிய பள்ளத்தில் தேங்கிய தண்ணீரும் வேண்டாம். அடி தெரியாது, கரை செங்குத்து, ஒருவர் மயங்கினால் ஏற்ற வழியில்லை. நீச்சல்குளம் போதும்.

கோட்டையூர்_25மீ

குளத்துக்குன்னு தனிக் கணக்கு இருக்கு, அதைக் கடல் கணக்கோட குழப்பாதீங்க. குளத்தில் மூச்சடக்கி தண்ணிக்கடியில் நீளவாக்கில் நீந்துறவங்க 1.2 மீட்டர் ஆழத்திலேயே சமமாகிற மாதிரி கழுத்தில் கட்டுவாங்க. சுவரை உதைச்சுக் கிளம்பி கையை நீட்டி அசையாமப் போனா, மேலேயும் போகக்கூடாது, கீழேயும் போகக்கூடாது. மேலே போனா 200 கிராம் சேர்க்கணும். நெஞ்சு மேலே, கால் கீழேன்னு சாய்ஞ்சு போனா ஈயத்தை இடுப்பிலேர்ந்து கழுத்துக்கு மாத்தணும். காற்றுப் பை நெஞ்சில்தான் இருக்கு, அதைக் கீழே அமுக்கக் கழுத்துதான் சரியான இடம்.

1.2 மீட்டர்ல நுரையீரல் 5.4 லிட்டர். அதுக்குச் சமமாக் கட்டினவர் மூச்சு விட்டா ரெண்டரைக் கிலோ கனத்தோட உட்காருவார். அதனால இந்த எடை நின்னா நெஞ்சளவு வர்ற தண்ணிக்கும், ஓரத்திலேயே கூட நடந்து வர்ற கூட்டாளிக்கும் மட்டும்தான். ஆழமான பக்கத்துக்கு அதோட போகாதீங்க, கடலுக்குச் சுத்தமா ஆகாது. அசையாம மிதந்து மூச்சடக்குறதுக்கு ஈயமே வேண்டாம்.

பள்ளத்தூர்_வாசல்

கழுத்து வெயிட் கடையில விலை கூட. வீட்டிலேயே செய்ய முடியுமா?

கோட்டையூர்_25மீ

செய்யலாம். 26 அங்குல சைக்கிளோட பழைய ட்யூப் ஒண்ணு, சின்ன ஈயக்குண்டு ஒரு கிலோ, கறுப்பு எலக்ட்ரிகல் டேப் ரெண்டு சுருள், பைக்கு வர்ற பிளாஸ்டிக் கிளிப் ஒண்ணு, எலாஸ்டிக் பட்டை ஒரு சாண்.

ட்யூப்பைக் கழுவி உள்பவுடர் போகக் காயவெச்சு, வால்வு இல்லாத பக்கமா 45 செ.மீ. வெட்டுங்க. ஒரு முனையை ரெண்டா மடிச்சு கேபிள் டை போட்டு இறுக்கி, மேலே டேப். தண்ணி பாட்டில் கழுத்தை வெட்டினா புனல் ரெடி. குண்டை ஒரு கைப்பிடி போட்டுத் தட்டுங்க, மறுபடி ஒரு கைப்பிடி. தட்டாம நிரப்பினா பின்னாடி குண்டு இறங்கி ஒரு பக்கம் தொளதொளன்னு ஆயிரும். ஒரு கிலோவுக்கு சுமார் 30 செ.மீ. நீளம் பிடிக்கும். மிச்சத்தை மடிச்சுக் கட்டி, மொத்தத்தையும் லாடம் மாதிரி வளைச்ச பிறகே டேப் சுத்தணும். நேரா வெச்சு சுத்திட்டு வளைச்சா உள்வளைவுல டேப் சுருங்கிப் பிரியும். பாதிக்குப் பாதி மேலேற சுத்துங்க, ரெண்டு அடுக்கு. முன்னாடி தொண்டைக்குழிகிட்ட நாலு விரல் இடைவெளி இருக்கட்டும், கிளிப் அங்கேதான். ஒரு கையால அமுக்கினாக் கழரணும்.

கடைசியா மளிகைக்கடைத் தராசில் வெச்சு கிராமை டேப் மேல எழுதிருங்க.

ஈயக்குண்டு

ஈயத்தைத் தொட்ட கையோட சாப்பிடாதீங்க, டேப் கிழிஞ்சா அன்னைக்கே மாத்துங்க. பழைய பேட்டரித் தகட்டை உருக்கி வார்க்கலாம்னு அடுத்து ஒருத்தர் எழுதுவார், அதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன்: வேண்டவே வேண்டாம். அதுல ஆசிட், ஆர்செனிக் எல்லாம் இருக்கும். அச்சு ஈரமா இருந்தா உருகின ஈயம் வெடிச்சு முகத்துல தெறிக்கும். வீட்டுல பிள்ளைங்க இருக்கிற இடத்துல அந்தப் புகையே கூடாது. வலைக்குக் கட்டுற ஈயம் தொண்டி, ஜெகதாப்பட்டினம் பக்கம் வலைக் கடையில எடைக்குக் கிடைக்கும்.

இரும்பு கட்டுறவங்க கவனிக்க: தண்ணிக்குள்ள ஒரு கிலோ ஈயம் 910 கிராம் வேலை செய்யும், வார்ப்பிரும்பு 860, கருங்கல்லு 610தான். ஜிம் பிளேட்டுல சோதிச்சுட்டு அதே எடைக்கு ஈயம் வாங்கினா 50 கிராம் கனம் கூடும். பெரிசா ஒண்ணுமில்லை. கல்லுல சோதிச்சா வித்தியாசம் 300 கிராம், அது பெரிசு.

தொண்டிக்கரை

பெல்ட் பத்தி யாரும் பேசலை. ரப்பர் பெல்ட் வாங்கினது சரி. ஆழத்தில் வயிறு உள்ளே போகும், நைலான் பட்டை அப்போ தொளதொளத்து தலைகீழா இறங்கும்போது அக்குளுக்கு வந்துரும். ரப்பர் இழுவிசையில் கூடவே சுருங்கும். கட்டுற இடம் இடுப்பெலும்பு மேல, தொப்புளுக்குக் கீழே. வயித்தில் இறுக்கினா மூச்சு முழுசா இழுக்க முடியாது.

ஈயம் ரெண்டு பக்கமும் சமமா, முதுகுத்தண்டுக்கு நேரே இல்லாம ஒரு சாண் தள்ளி. தலைகீழாப் பாயும்போது நடு முதுகில் ஈயக்கட்டி இருந்தா இடிக்கும். கட்டிகள் நகராம இருக்க பக்கத்துக்கு ஒரு தடுப்பு போடுங்க. பெல்ட் நுனி 10, 15 செ.மீ. வெளியே தொங்கட்டும், உள்ளே சொருகாதீங்க. சொருகினா பக்கிள் திறந்தும் பெல்ட் விழாது.

நைலான் கயிற்றில் முடிச்சுப் போட்டு ஈயம் கட்டுறது நம்ம பக்கம் நிறையப் பார்க்கலாம். ஈரத்தில் முடிச்சு இறுகிரும். கத்தி இல்லாமக் கழராது. அதைவிட ஈயமே இல்லாம இறங்குங்க.

செக்காலை72

பக்கிள் எந்தப் பக்கம் திறக்கணும்? நாலு பேரும் நாலு மாதிரி கட்டுறோம்.

தேவகோட்டை_ஆச்சி

நாலு பேரும் ஒரே மாதிரி கட்டுங்கள், பொதுவாக வலது கையால் இழுத்தால் திறக்கிற மாதிரி. இருட்டில் அடுத்தவர் பக்கிளைக் கண்ணை மூடிக்கொண்டு திறக்கத் தெரிய வேண்டும். கரையில் உட்கார்ந்தே பழகலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு, இடது கையால் அவர் கையைப் பிடித்தபடி, வலது கையால் மூன்று எண்ணுவதற்குள்.

மயக்கம் வந்தவரைத் தூக்குகிற வரிசை: ஆழத்திலேயே பிடித்தால் அங்கேயே பக்கிளைத் திற, ஈயம் போகட்டும். ஒரு கையால் வாயையும் மூக்கையும் பொத்தித் தாடையைப் பிடி, மறுகை பின்தலை. மேலே வந்ததும் முகமூடியைக் கழற்று, கன்னத்தில் ஊது, பெயர் சொல்லிக் கூப்பிடு. பத்து நொடிக்குள் மூச்சு வரவில்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். அடிப்படைப் பயிற்சியில் இதைச் சொல்லித்தந்திருப்பார்கள், நாலு பேரும் சேர்ந்து அடிக்கடி செய்து பாருங்கள்.

களைப்பாக ஏறும்போதும் இடுப்பில் கை வையுங்கள். ஈயத்துக்கு ஆசைப்பட்டுக் கழற்றாதவர்கள்தான் அதிகம். ஒரு பெல்ட் ஈயம் ஒரு வேளை பிரியாணி விலைக்குக் கொஞ்சம் மேலே.

மேலே வந்தவரை 30 நொடி கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். உள்ளே இழுத்த காற்று மூளைக்குப் போய்ச் சேரப் பத்து, பதினைந்து நொடி ஆகும். சிரித்துக்கொண்டே ஓகே காட்டிவிட்டு மயங்குகிறவர்கள் உண்டு.

ஆத்தங்குடி_ஓடு

ஒத்துக்கிறேன், ஆனா முழுசா இல்லை. கூட்டாளி சரியா இருந்து, 5 மீட்டர் தண்ணி, அடி தெரியுற தெளிவு, இந்த மூணும் இருந்தா அரைக் கிலோ கூடுதலாக் கட்டுறது பெரிய குத்தம்னு எனக்குத் தோணலை. 5 மீட்டர் அடியில கிடக்கிறவரைக் கூட்டாளி எடுத்துருவார்.

தொண்டிக்கரை

அந்த மூணாவது, தெளிவு. பங்குனி, சித்திரையில் சில நாள் கிடைக்கும், மத்தியானக் காற்று கிளம்பினா அதுவும் போயிரும். காலையில் கட்டின அரைக் கிலோவை மத்தியானம் யாரும் ஞாபகமாக் கழற்ற மாட்டாங்க.

பள்ளத்தூர்_வாசல்

அடியில ரொம்ப நேரம் நிக்கணும்னு கேக்கிறவங்க சிலர் கடல் அட்டை பொறுக்கத்தான் கேக்கிறாங்க.

தொண்டிக்கரை

அதுக்கு இந்த இழையில் பதில் கிடையாது. கடல் அட்டை எடுக்கிறது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், 2001லேர்ந்தே தடை.

செக்காலை72

கடைசிக் கேள்வி. அந்தமான்ல 20 மீட்டருக்கு 3 மி.மீ. சூட் வாங்கச் சொல்றாங்க. சூட் எவ்வளவு மிதக்கும்னு வாங்கும்போதே தெரிஞ்சுக்க வழி உண்டா? 20 மீட்டருக்குக் கூடுதலா ஈயம் வேணுமா?

ஈயக்குண்டு

ரெண்டாவதுக்கு முதல்ல. ஆழம் கூடக் கூட ஈயம் குறையணும். 10 மீட்டர்ல சமமாகிறவர் 20 மீட்டர்ல நுரையீரல் கணக்குல மட்டும் ஒரு கிலோ கனம், சூட் சுருங்கினது வேற. அந்தக் கனத்தைத் தூக்கிக்கிட்டு ஏறணும், அதுவும் மூச்சு தீர்ற பாதியில. இறங்குறது சுலபமா இருக்குன்னு சந்தோஷப்பட்டா ஏறும்போது தொடை எரியும். 20 மீட்டருக்கு 12, 13ல சமமாக்குங்க.

சூட் மிதப்பைக் கடையில கேட்டாச் சொல்ல மாட்டாங்க, மொட்டைமாடித் தொட்டியில பார்த்துக்கலாம். சூட்டை நனைச்சு, உள்ளே காற்று இல்லாமக் கசக்கி, வெங்காயம் வர்ற வலைப்பைக்குள்ள வையுங்க. எடை தெரிஞ்ச ஈயத்தை அரைக் கிலோவா உள்ளே போட்டுக்கிட்டே வாங்க. பை மூழ்கவும் இல்லாம மிதக்கவும் இல்லாம நிற்கிற இடத்துல ஈயம் 2.5 கிலோன்னா, சூட் 2.3 கிலோ மிதக்குது. 10 மீட்டர்ல இதுல கிட்டத்தட்ட பாதி போயிரும். அதனால மேலே மிதக்குற 2.3க்கும் சேர்த்து ஈயம் கட்டக்கூடாது, ஆழத்துல மிஞ்சுறதுக்கு மட்டும்தான். லைக்ராவுல உங்க நம்பர் 0ன்னா 3 மி.மீ.க்கு 1 கிலோவுல ஆரம்பிச்சுக் கயிற்றுச் சோதனை பண்ணுங்க. பெரும்பாலும் 1, 1.5 அதுக்குள்ள நிற்கும். சூட் பழசாகப் பழசாக நியோப்ரீன் (சூட் ரப்பர்) குமிழ் செத்துப் போகும், மிதப்பும் குறையும், வருஷம் ஒருதடவை தொட்டியில போட்டுப் பாருங்க.

கோட்டையூர்_25மீ

அந்த ஒன்றரைக் கிலோவில் அரை, முக்கால் கிலோவைக் கழுத்துக்கு மாத்தினா தலைகீழா இறங்கும்போது உடம்பு நேரா நிற்கும். அதுக்கு மேல கழுத்தில் வேண்டாம். மயங்கினவர் முகத்தை அது தண்ணிக்குள்ள இழுக்கும், கழுத்தும் வலிக்கும்.

செக்காலை72

அரைக் கிலோக் கட்டி நாலு வாங்கிக்கிறேன், அப்போ அந்தமானுக்கும் அதையே எடுத்துட்டுப் போகலாம்ல?

கோட்டையூர்_25மீ

நாலு சரி. விமானத்துக்கு வேண்டாம், லக்கேஜ் 15 கிலோ தர்ற டிக்கெட்ல ரெண்டு கிலோ ஈயத்துக்கே போயிரும். பயிற்சி நடத்துறவங்ககிட்ட ஈயம் இருக்கும். ரப்பர் பெல்ட்டும், முக்கால் கிலோவுக்கு மேல போகாத கழுத்து வெயிட்டும் மட்டும் எடுத்துக்குங்க, கழுத்து வெயிட்டைக் கைப்பையில வைக்காதீங்க. எக்ஸ்ரேயில உள்ளே ஒண்ணும் தெரியாம கறுப்பா ஒரு வளையம் தெரியும், பிரிச்சுக் காட்டச் சொல்வாங்க, ரெண்டு சுருள் டேப்பும் போச்சு. அங்கே தர்ற கட்டி மேல 1ன்னு எழுதியிருந்தாலும் கைத்தராசுல தொங்கவிட்டுப் பாருங்க, 850 கிராமும் வரும், 1,100ம் வரும்.